அத்தானின் குளிசைப் பெட்டி

மொன்றியலில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் இப்போது தோடம்பழம் கொண்டுபோவதில்லை. விற்றமின் போத்தல்தான் கொண்டுபோகிறார்கள். பொலிஸ் ஐயா, நீங்கள் மேசையில் அடுக்கி வைத்திருக்கும் இவையெல்லாம் அத்தானுக்கு அப்படி வந்தவை. மீன் எண்ணெய் லவாலில் இருக்கும் சொந்தக்காரர் தந்தது. மஞ்சள் கப்சூல் கோயில் ஆட்கள் தந்தது. உள்ளிக் கப்சூலை, வெள்ளைப்பூண்டுதான், யார் தந்தார்களென்று மறந்துவிட்டேன். மொழிபெயர்க்கிற தங்கச்சி, ஆறுதலாகவே சொல்லுங்கள். எனக்கு அவசரமில்லை.

தந்ததை எங்கள் ஆட்கள் ஒதுக்கி வைப்பதில்லை. தந்தவர் அடுத்த முறை வரும்போது போத்தல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார். திறக்காமல் கிடந்தால் மனம் கோணும். அதனால் எல்லாவற்றையும் விழுங்குவோம்.

இரவிச்சந்திரன் அத்தான் என் கணவர் நிரூபனின் அண்ணன். நிரூபன் டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்தார். பிரஷருக்கு டொக்டர் தந்த குளிசை போட்டுவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் அந்தப் போத்தலை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"உந்த ரசாயனத்தைக் குப்பையில போடடா. உள்ளிக் கப்சூல் எடு. இயற்கையானது, ஒண்டும் செய்யாது."

"டொக்டரிட்டை ஒருக்காக் கேட்டிட்டு..." என்று இழுத்தேன்.

"வதனி, நீ எப்ப டொக்டருக்குப் படிச்சனி?"

நிரூபனும் சேர்ந்து சிரித்தார். அண்ணன் சொல்லைத் தட்டாத மனிதர். குளிசைப் போத்தல் அன்றே குப்பைக்குப் போனது.

பனி உருகுமுன்பே, வேலையிடத்து அடுப்படியில் கையில் கரண்டியோடு சரிந்தார். மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது. அவர் செத்த எட்டாம் நாள் சடங்கில், எட்டுச் செலவன்று, அத்தான் வடையைக் கடித்தபடி வந்தவர்களிடம் சொன்னார்: "என்ன செய்யிறது, வதனி கவனிச்சிருக்கலாம்."

நான் கோபப்படவில்லை. இன்னும் வடை வேண்டுமா என்று கேட்டேன்.

பிறகு அத்தான் வீட்டாரே என்னைக் கர்க்லாண்டிலுள்ள தங்கள் வீட்டுப் பேஸ்மென்ட்டில் இருத்தினார்கள். நல்ல மனிதர்கள். அடுத்த ஆண்டு அத்தானுக்கு இதய வால்வு மாற்றினார்கள். இரத்தம் உறையாமலிருக்க டொக்டர் தந்த குளிசையை அவர் குப்பையில் போடவில்லை. தன் நெஞ்சென்றதும் ரசாயனம் இனித்தது. அவருடைய மனைவி இந்திராதேவி அக்கா விடியவே கார்டெரிக்குப் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போய்விடுவா. நாளுக்கொரு அறையுள்ள குளிசைப் பெட்டியை நிரப்புவது என் பொறுப்பானது.

மருந்துக்கடைப் பெண் கவனமானவள். "வேறு விற்றமின், மூலிகை ஏதாவது எடுக்கிறாரா?" என்று கேட்டாள். இந்தக் குளிசையோடு சிலது சேர்ந்தால் இரத்தம் கசியத் தொடங்கும், எதைத் தொடங்கினாலும் முதலில் எங்களைக் கேளுங்கள் என்றாள். சிலவற்றைப் பெயர் சொல்லியே எச்சரித்தாள். தலையாட்டிக் கேட்டேன்.

"நொன், ரியான்," என்றேன். இல்லை, ஒன்றுமில்லை. பிரெஞ்சில் நான் பிழையில்லாமல் சொன்ன முதல் வசனம் அது.

வீட்டுக்கு வந்து, அவள் பெயர் சொன்ன போத்தல்களாகப் பார்த்துத் திறந்து, பெட்டியின் அறைகளில் சேர்த்தேன்.

சில கிழமைகளில் அத்தானின் கைகளில் நீலத் திட்டுகள் வந்தன. பல் துலக்கினால் இரத்தம் வந்தது.

"பிள்ளை, உதெல்லாம் ஒண்டாப் போடலாமோ?"

"இயற்கையானது அத்தான். ஒண்டும் செய்யாது."

"அது என்ர கதையல்லோ," என்று சிரித்துக்கொண்டே விழுங்கினார்.

படியில் சறுக்கித் தலையை இடித்துக்கொண்டபோது பட்டது சின்ன அடிதான். தலையிடிக்குது என்று படுத்தார். கூப்பிட்டுப் பார்த்தேன், கண் திறக்கவில்லை. என் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவித் துடைத்து வைத்தபின் அம்புலன்சை அழைத்தேன். ஓம், எல்லாம் தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் பழிவாங்கும் குணம் என்னிடம் இல்லை. அதையும் எழுதுங்கள். அத்தானின் எட்டுச் செலவுக்கு வடை முழுவதையும் நானே சுட்டேன். அழுது வீங்கிய முகத்தோடு இருந்த அக்காவின் முதுகைத் தடவியபடி, வந்தவர்களிடம் அமைதியாகச் சொன்னேன்: "என்ன செய்யிறது, அக்கா கவனிச்சிருக்கலாம்."