படுக்கையறைக்கு ஒரு தொழுவக் கதவு

டீ நன்றாக இருக்கிறது மேடம். சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, நான் கதவைப் பற்றிச் சொல்ல வந்தவள்.

எங்கள் படுக்கையறைக்கு ஒரு கதவு இருந்தது. கீல் வைத்த சாதாரணக் கதவு. சாத்தினால் சாத்திக்கொள்ளும், தாழ்ப்பாள் போட்டால் விழும். பத்தொன்பது வருடம் அதன் மேல் யாருக்கும் ஒரு மனத்தாங்கல் இல்லை. பிறகு ஒருநாள் என் வீட்டுக்காரர் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். எங்கோ ஒரு தம்பதி, மாட்டுத் தொழுவத்துக்குப் போடுகிற மாதிரி பெரிய பலகைக் கதவு ஒன்றைச் செய்து, வாசலுக்கு மேலே இரும்புத் தண்டவாளம் அடித்து, சக்கரம் வைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கவாட்டில் தள்ளித் திறக்கிறார்கள். திறந்துவிட்டுச் சிரிக்கிறார்கள். கதவு திறந்ததற்கெல்லாம் சிரிக்கிறவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சாதாரணக் கதவு திறக்கறதுக்கு எவ்வளவு எடம் வீணாப்போகுது பாத்தியா? இது செவுத்தோட செவுரா போயிடும்," என்றார்.

அன்று சாயங்காலமே பழைய கதவைக் கழற்றிப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டார். அவர் வாழ்க்கையில் சட்டென்று எடுத்த ஒரே முடிவு அதுதான். அதற்குப் பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தார்.

ஒரு கம்பெனியில் கொள்முதல் அதிகாரி அவர். குண்டூசி வாங்குவதானாலும் மூன்று இடத்தில் விசாரிப்பார். ஆபீஸில் அவருக்கு 'மூணு கொட்டேஷன்' என்று பேர். என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முன் இரண்டு வீட்டுக்குப் போய்வந்திருந்தார். அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

கதவுக்கென்றே ஒரு நோட்டு போட்டார். பக்கத்துக்கு நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் சாதகம், அந்தப் பக்கம் பாதகம். இடம் மிச்சம், சாதகம். சுவருக்கும் கதவுக்கும் நடுவே இரண்டு விரல் சந்து இருக்கும், பேசுவது வெளியே கேட்கும், பாதகம். பார்க்க எடுப்பாக இருக்கும், சாதகம். தள்ளி நிறுத்தும் இடத்தில் சுவிட்ச் போர்டு, பாதகம். சக்கரம் கறுப்பா, பித்தளை நிறமா என்பதற்கு மட்டும் ஆறு பக்கம் போனது. பதினான்கு மாதம், மேடம். அதற்குள் ஒருத்தி பிள்ளை பெற்று, அது குப்புறக் கவிழ்ந்திருக்கும்.

அத்தனை நாளும் எங்கள் படுக்கையறை வாசலில் தொங்கியது ஒரு பழைய படுக்கை விரிப்பு.

என் வேலையும் அந்த அறையில்தான். டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு, அறிக்கையாகத் தட்டித் தர வேண்டும். கவனம் சிதறினால் இடது கால் வலது காலாகிவிடும். விரிப்பை யாரும் தட்டிவிட்டு வருவதில்லை, விலக்கிக்கொண்டு வருவார்கள். முக்கியமாக மாடி வீட்டில் இருக்கும் என் நாத்தனார். நான் உடை மாற்றிக்கொண்டிருந்தாலும் வந்து கட்டிலில் உட்காருவார். "நான் என்ன வேத்து ஆளா?" என்பார்.

நானும் கேட்காமல் இல்லை.

"என்னங்க, எந்தக் கதவா இருந்தாலும் சரி, ஒண்ண மாட்டிடுங்களேன்."

"அவசரப்படாத. கதவுங்கறது ஆயுசுக்கு ஒரு தடவ போடறது."

"தம்பி எதையும் யோசிச்சுத்தான் செய்வான்," என்றார் நாத்தனார். "ஒனக்குத்தான் எல்லாத்துலயும் பரபரப்பு."

பதினான்கு மாதம் விரிப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்குப் பரபரப்பு.

கடைசியில் கதவு வந்தது. தச்சரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கி ஹால் பக்கமாக மாட்டினார்கள். அவ்வளவு கனம். தச்சர் கையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு, தண்டவாளத்தின் கோடியில் இருந்த ஒரு இரும்புத் துண்டைக் காட்டினார்.

"அக்கா, இதுதான் தடுப்பு. கதவு இங்க வந்து முட்டி நிக்கும். இது இல்லன்னா சக்கரம் வெளிய வந்து, கதவு அப்படியே ஆள் மேல சாஞ்சிடும். மாசத்துக்கு ஒரு தடவ முடுக்கி விட்டுக்கங்க." ஒரு ஸ்பேனரையும் கொடுத்துவிட்டுப் போனார். பொறுப்பான மனிதர்.

சாத்தினாலும் சந்து இருந்தது. நாத்தனார் ஹாலில் விடும் பெருமூச்சு என் காதுக்குள் விழுந்தது. இருந்தாலும் கதவு கதவுதானே. நான் திருப்தியாகவே இருந்தேன். மூன்று வாரம் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"யோசிச்சுப் பாத்தேன். கீல் வெச்ச கதவே தேவலன்னு படுது. இதக் கழட்டிடலாம். ஒரு ஆறு மாசம் எடுத்துக்கிட்டு நிதானமா முடிவு பண்ணலாம்."

"அதுவரைக்கும்?"

"அதான் விரிப்பு இருக்கே."

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கோபம் வந்தவர்கள் கத்துவார்கள், பாத்திரத்தை வீசுவார்கள். நான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவர் குளிக்கப் போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்தத் தடுப்பைக் கழற்றினேன். இரண்டே போல்ட். எங்கள் வீட்டில் ஒரு வேலை இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் உட்கார்ந்தேன்.

அவர் அந்தக் கதவை மெதுவாகத் திறந்ததே இல்லை. வீடியோவில் பார்த்த மாதிரி ஒரே இழுப்பு. அன்றும் அப்படித்தான் இழுத்தார்.

சத்தம் ஹெட்போனைத் தாண்டிக் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். மல்லாந்து கிடந்தார். கழுத்து வரைக்கும் கதவு. "தூக்கு," என்றார். "மூச்சு விட முடியல. யாரயாவது கூப்புடு." நாத்தனார் அன்று வெளியூர் போயிருந்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வராத ஒரே ஞாயிற்றுக்கிழமை.

மார்பில் பாரம் விழுந்தவர்களைப் பற்றி எத்தனையோ அறிக்கை தட்டியிருக்கிறேன். எவ்வளவு நேரத்துக்குள் தூக்க வேண்டும், தூக்காவிட்டால் என்ன ஆகும், எல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால்தான் நான் பதறவில்லை. நோட்டு மேசை மேல் இருந்தது. புதுப் பக்கம் எடுத்து நடுவே கோடு போட்டேன். தலைப்பு, ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது. நீங்கள் எடுத்துப் பார்க்கலாம், என் எழுத்து அவருடையதைவிடக் கொஞ்சம் குண்டாக இருக்கும். நேர்மையாகத்தான் எழுதினேன். சாதகத்தில் நான்கு வந்தது. நல்ல மனிதர். குடியில்லை. ஒருநாளும் கை நீட்டியதில்லை. அக்காவுக்கு ஒரே தம்பி. பாதகத்தில் ஒன்றே ஒன்றுதான். பிழைத்தால் யோசிப்பார்.

இரண்டு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "கொஞ்சம் பொறுங்க, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றேன். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. மொத்தம் நாற்பது நிமிடம். அவர் சக்கரத்தின் நிறத்துக்கு எடுத்துக்கொண்ட நேரத்தை நினைத்தால் அது ஒரு நேரமே இல்லை.

அப்புறம் போன் செய்தேன். வந்த ஆம்புலன்ஸ்காரர், "எப்ப விழுந்துச்சு?" என்று கேட்டார். "இப்பத்தான்," என்றேன். சாயங்காலம் நாத்தனார் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "அந்தத் தச்சன் ஏனோதானோன்னு மாட்டிட்டுப் போயிட்டான். அவன சும்மா விடக்கூடாது," என்றார். நீங்களும் விடவில்லை. கவனக்குறைவு என்று பிடித்து உள்ளே வைத்தீர்கள். அது எனக்கு மறுநாளே தெரியும். இன்றோடு ஒன்பது நாள்.

நேற்று தச்சரின் மனைவி வந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"அவரு ஒவ்வொரு போல்ட்டயும் ரெண்டு தடவ முடுக்கிப் பாக்கற ஆளுக்கா. நீங்க கூட இருந்து பாத்தீங்கல்ல?"

"பாத்தேம்மா," என்றேன்.

மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. இப்போது மறுபடி விரிப்புதான் தொங்குகிறது. கீல் வைத்த கதவு ஒன்றுக்கு அளவெடுக்க அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று நானும் இருந்தேன்.

இந்தாருங்கள், தடுப்பு. இதோ இரண்டு போல்ட்டும். கழற்றியது நான். போன் செய்யாமல் உட்கார்ந்திருந்ததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். தச்சரை மட்டும் இன்றைக்கே விட்டுவிடுங்கள். கண்ணெதிரே ஒரு மனிதர் அநியாயமாகக் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது மேடம்.