கண்ணாடிய ஏத்தாதீங்க

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ். வெளியே நல்ல மழை. எனக்கு முன் சீட்டில் இருந்தவர் போனில் கத்தினார்.

"நனைஞ்சா நனைஞ்சிட்டுப் போவட்டும்டா, கார் கண்ணாடிய மட்டும் ஏத்தாதீங்க!"

லைன் கட்டாகிவிட்டது.

"என்னா மாமா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"நம்ம பழைய கார எடுத்துக்கிட்டு தம்பி குடும்பத்தோட நமக்கு முன்னாடியே இதே ரோட்டுல சிதம்பரம் கோயிலுக்குக் கெளம்பிட்டான் மச்சான். சைலன்சர் பைப்பு இஞ்சின்ல சேர்ற எடத்துல புகை கசியாம அடைக்கிற கேஸ்கட் போயிருக்கு. புகை வண்டிக்குள்ளாரயே வருது. புது கேஸ்கட் வாங்கி வீட்ல வெச்சிருக்கேன், இன்னும் மாட்டல."

"புகை வந்தா நாத்தம் அடிக்காதா?"

"எல்லா நேரமும் தெரியாதாம். தலை வலிக்குமாம், அப்பறம் தூக்கம் வருமாம், தூக்கத்துலயே உசுரு போயிடுமாம். மெக்கானிக் சொன்னாரு." அவர் குரல் இறங்கியது. "புள்ளைங்க ரெண்டும் நல்லா தூங்குதுங்கன்னு இப்பதான் சொன்னான் மச்சான்."

மச்சான் தன் போனை எடுத்து அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார்.

"இன்னும் கொஞ்சம் வேகமா போவச் சொல்லேன்" என்றார் மாமா. சொல்லிவிட்டு அவரே எழுந்து டிரைவர் பக்கம் போய் நின்றுகொண்டார்.

புதுச்சத்திரம் தாண்டியதும், "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அலறினார். ரோட்டோரம் ஒரு பழைய கார், நாலு கதவும் மழையில் திறந்து கிடந்தன. பஸ் நிற்பதற்குள் குதித்து ஓடினார்.

பின்னால் இறங்கிய மச்சான் படியடியிலேயே நின்றார்.

மாமா அங்கிருந்து திரும்பிக் கத்தினார். "அழுவுதுங்க மச்சான்! ரெண்டும் அழுவுதுங்க!"