நரித் தடமும் பல்செட் பவுடரும்

பல்செட்காரர்: ஐயையோ சகலை… முட்டி போட்டுட்டு எங்க போறீங்க? அங்க ஒரே சேறு!

டிரைவர்: தடம் சேத்துல இல்லாம சிமெண்ட் ரோட்டுலயா இருக்கும்?

பல்செட்காரர்: பேன்ட் போச்சு. உங்க வீட்ல திட்டு எனக்குத்தான் விழும்.

டிரைவர்: உஷ்… பேசாம இரு. நாலு விரல். நகம் குத்தியிருக்கு…

பல்செட்காரர்: நாய்தான். வேலி ஓரத்து வீட்டுக் கறுப்பன்.

டிரைவர்: நாய்த் தடம் பரப்பிக்கிட்டு அகலமா கிடக்கும்யா. இது ஒல்லி. அடுத்த அடி எங்க… இங்க. அதுக்கடுத்தது இங்க. கோடு போட்ட மாதிரி நேராப் போயிருக்கு பாரு. நரி!

பல்செட்காரர்: மிருகத் தடம் பாக்குற வகுப்புல டீச்சர் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறீங்களே.

டிரைவர்: முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். லாரிக்காரன் தூங்கிட்டே போனானா முழிச்சிட்டுப் போனானான்னு டயர் தடத்துலயே சொல்லுவேன்.

பல்செட்காரர்: சரி சரி, நகருங்க. பவுடரைக் கரைச்சு தடத்துல ஊத்தி அச்சு எடுக்கணும்.

டிரைவர்: பல்செட் அச்சுக்கு ஊத்துற அதே பவுடர்தானே? பாவம்யா நரி. அதுக்குப் பல்லு நல்லாத்தான் இருக்கு, உன் கடைக்கு வராது.

பல்செட்காரர்: வந்தா உங்க பேரைச் சொல்லித் தள்ளுபடி தர்றேன். இது இறுக அரைமணி ஆகும். வாங்க, ஓடைப் பக்கம் ஒண்ணு இருக்கு. இப்படி… என் தோளைப் பிடிச்சுக்கங்க, வழுக்கும்.

டிரைவர்: எனக்கா வழுக்கும்? நீ விழாம இருக்கத்தான் பிடிக்கிறேன்.

பல்செட்காரர்: ஆமாமா. இந்தா, இது என்ன சொல்லுங்க.

டிரைவர்: ம்… மீன் நாத்தம் தூக்குது. செதில் குத்துது… நண்டு ஓடு வேற. நீர்நாய் எச்சம்.

பல்செட்காரர்: சகலை! கையாலயா? குச்சி எதுக்கு இருக்கு?

டிரைவர்: ஊரான் வாய்க்குள்ள கை விடுறவன் பேசுறான் பாரு.

பல்செட்காரர்: நான் கையுறை போட்டுக்கிறேன்! கையைக் கழுவுங்க முதல்ல… ம். வர்ற ஞாயித்துக்கிழமை பரீட்சைல அசத்திடுவீங்க. தேறிட்டா காட்டு மிருகக் கணக்கெடுப்புக் குழுல நம்ம ரெண்டு பேரும் ஜோடி.

டிரைவர்: பரீட்சைக்கு… நான் வரலய்யா.

பல்செட்காரர்: என்னது?

டிரைவர்: இடுப்புவலி. அதுக்குத்தானே வேலையையே விட்டேன்.

பல்செட்காரர்: இப்ப மண்டி போட்டுத் தவழ்ந்தப்போ எங்க போச்சு அந்த வலி?

டிரைவர்: …சுவத்துல படம் ஓட்டுவாங்களாம். வரிசையா உக்காந்து பார்த்துப் பார்த்து எழுதணுமாம். எனக்கு அதெல்லாம் சரிப்படாது. நீ போ.

பல்செட்காரர்: உங்களுக்குப் படம் இல்ல. டீச்சர்கிட்ட பேசிட்டேன். மேஜை மேல அச்சு அடுக்கி வைப்பாங்க. தடவிப் பார்த்து வாயால சொன்னாப் போதும்.

டிரைவர்: எனக்கு மட்டும் எதுக்கு?

பல்செட்காரர்: வாங்க, நரி அச்சு இறுகிடுச்சான்னு பார்ப்போம்.

டிரைவர்: சகலை. எதுக்குன்னு கேட்டேன்.

பல்செட்காரர்: வாரா வாரம் நாலு கிலோ பவுடரை எதுக்குச் சுமந்துட்டு வர்றேன்னு நினைச்சீங்க? நரி மேல பாசமா? இதுவரைக்கும் இருபத்தேழு அச்சு. அத்தனையும் உங்க கைக்குத்தான்.

டிரைவர்: …எப்பலேர்ந்து தெரியும்?

பல்செட்காரர்: முதல் வாரம், புதர்ல கிடந்த என் பையைப் பார்த்து முயல்னீங்க.

டிரைவர்: அது சும்மா தமாஷுக்கு…

பல்செட்காரர்: பதுங்கிப் பதுங்கிப் போயி அதைக் கும்பிடாத குறையா உக்காந்தீங்க சகலை.

டிரைவர்: சிரிக்காதேய்யா! …ஓரமெல்லாம் தெரியுது. நேராப் பார்த்தாத்தான் நடுவுல அழிச்ச மாதிரி. எதிர்ல வர்ற வண்டியே கரைஞ்சு போச்சு ஒரு நாள். மறுநாள் சாவியைக் குடுத்துட்டு வந்துட்டேன். டாக்டரும் இதுக்கு மேல பார்வையைக் கூட்ட முடியாதுன்னுட்டார்.

பல்செட்காரர்: ஒத்த ஆளா டாக்டர்கிட்ட போயிட்டு வந்தீங்களா? என்னைக் கூப்பிடக் கூடாதா?

டிரைவர்: கூப்பிட்டா உன் பொண்டாட்டிக்குத் தெரியும். அப்புறம் அவ அக்காவுக்குத் தெரியும்.

பல்செட்காரர்: சொல்லிடட்டுமா ஒண்ணு? திட்டக் கூடாது.

டிரைவர்: சொல்லித் தொலை.

பல்செட்காரர்: உங்களை இந்த வகுப்புக்கு இழுத்துட்டு வந்தது நான் இல்ல. அக்காதான் பேர் குடுத்தாங்க. "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கார், கூடப் போ"ன்னு என்னை அனுப்பினதும் அவங்கதான். உங்க கண்ணு விஷயம் அவங்களுக்கு எப்பவோ தெரியும் சகலை.

டிரைவர்: ம்.

பல்செட்காரர்: என்ன "ம்"? கோவமா? ஞாயித்துக்கிழமை வருவீங்களா, மாட்டீங்களா?

டிரைவர்: வர்றேன், வர்றேன். ஆனா ஒண்ணு… அவளுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்யா. முன்னாடியெல்லாம் டீயை வச்சதே தெரியாம வச்சிட்டுப் போவா. ஆறு மாசமா, நான் கையால தேடக்கூடாதுன்னு டம்ளரை மேஜையில டொக்குனு சத்தம் வர்ற மாதிரி வைக்கிறா. எனக்குத் தெரியாதுன்னே அவ நினைச்சிட்டு இருக்கட்டும்… நீ போயி உளறி வைக்காதே.