ஐம்பத்து மூன்றாம் எண் வில்லை

ஒரு தாய் எங்கள் சிறுவர் கோடை முகாமுக்குள் வந்ததும் முதலில் தலையணையைத்தான் முகர்ந்து பார்ப்பாள். ஏரியையோ படகுகளையோ அவள் பார்க்க மாட்டாள். மகன் எட்டு வாரம் படுக்கப்போகும் மரக்குடிலுக்குள் குனிந்து நுழைந்து, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தலையணையை மூக்கருகே கொண்டுபோவாள். அதனால் ஜூன் இரண்டாம் வாரம் நூற்றிருபது தலையணைகளையும் இரண்டு நாள் நல்ல வெயிலில் போட வேண்டும். என் தாத்தா 1925இல் மெய்ன் மாநிலத்தின் இந்த ஏரிக்கரையில் முகாமைத் தொடங்கியபோது தன் குறிப்பேட்டில் எழுதிய முதல் வரி அது. அவருக்குப் பின் என் தந்தை, அவருக்குப் பின் நான். தாக்ஸ்டர் குடும்பத்தில் எவரும் அந்த வரியை மீறியதில்லை.

முகாம் நடத்துவோர் சங்கத்தின் கையேட்டுக்காக, ஒரு முகாமை வெற்றிகரமாக நடத்துவது எப்படி என்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். இளைய நிர்வாகிகளுக்குப் பயன்படும்படி, ஒளிவுமறைவில்லாமல் எழுதும்படியும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு எண்பத்து நான்கு வயது. ஒளிக்காமல் எழுதிப் பார்க்கிறேன்.

முகாமைக் கோடையில் நடத்துகிறோம், விற்பது குளிர்காலத்தில். ஜனவரி மாதம் நான் படம் காட்டும் கருவியைக் காரில் வைத்துக்கொண்டு மாசச்சூசெட்ஸ், கனெக்டிகட் என்று வீடு வீடாகப் போவேன். முகாமில் முன்பு தங்கிய ஒருவரின் வரவேற்பறையில் பத்துப் பன்னிரண்டு பெற்றோர் கூடியிருப்பார்கள். அவர்களிடம் பிள்ளைகளின் மகிழ்ச்சியைப் பற்றி நான் பேசியதில்லை. மகிழ்ச்சி தருவதாக எவரும் வாக்குக் கொடுக்கலாம். தாய்க்கு வேண்டியது இரவில் தூக்கம். யாராவது ஒரு தாய் கட்டாயம் கேட்பாள், "கொசு இருக்குமா மிஸ்டர் தாக்ஸ்டர்?" நான் சொல்வேன், "இருக்கும்மா. எங்களைவிட மூத்த குடித்தனம் அதுங்க." நாற்பது ஆண்டு நான் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான். பிறகு கடைசிப் படத்தைப் போடுவேன். அதில் படகுத்துறையில் நிற்கும் பலகை மட்டும் இருக்கும்.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் நூற்றிருபது ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வட்ட மரவில்லை. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. பிள்ளை நீரில் இறங்கும்போது தன் வில்லையைச் சிவப்பாகத் திருப்ப வேண்டும். கரையேறியதும் வெள்ளையாக்க வேண்டும். ஒவ்வொருவனுக்கும் ஒரு இணை உண்டு. இணை கரையேறினால் இவனும் ஏற வேண்டும். எல்லாரும் ஏறிய பிறகும் ஒரு வில்லை சிவப்பாக இருந்தால், தாத்தாவின் பித்தளைக் கொம்பை மூன்று முறை ஊத வேண்டும். சமையல்காரர்வரை எல்லாரும் ஓடிவந்து, கைகோத்து வரிசையாக நீருக்குள் நடக்க வேண்டும். நீந்தத் தெரிந்தவர்கள் ஆழத்தில் மூழ்கிப் பார்க்க வேண்டும். கோடைக்கு ஆறேழு முறை கொம்பு ஊதும். ஒவ்வொரு முறையும் அந்தப் பையன் கழிப்பறையிலோ ஐஸ்கிரீம் வரிசையிலோ நின்றுகொண்டிருப்பான். வில்லையைத் திருப்ப மறந்திருப்பான். அவ்வளவுதான். எங்கள் வாயில் பலகையில் எழுதியிருந்தது: "அறுபது கோடைகள். ஒரு பிள்ளையும் குறையவில்லை."

அறுபதாவது கோடை 1984.

ஆண்டுக்கு இரண்டு இடங்களைப் பக்கத்து ஆலை ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். அந்த ஆண்டு வந்தவர்களில் ஒருவன் லூக் திபோடோ. பத்து வயது. காகித ஆலைத் தொழிலாளி ரெனே திபோடோவின் ஒரே மகன். தாய் இல்லை. நல்ல பையன், மறதி அதிகம். காலணி ஒன்றைக் குடிலில் விட்டுவிட்டு மற்றதோடு சாப்பிட வருவான். அந்தக் கோடையில் அதற்குள் இரண்டு முறை கொம்பு ஊதியிருந்தோம், இரண்டும் அவனால்தான். அவன் வில்லை எண் ஐம்பத்து மூன்று.

ஜூலை மூன்றாம் சனிக்கிழமை பெற்றோர் வரும் நாள். ஒரு முகாமின் அடுத்த ஐந்தாண்டுகள் அந்த ஒரு பிற்பகலில் முடிவாகும் என்பதை உங்கள் இளைய நிர்வாகிகள் அறிந்துகொள்ள வேண்டும். புல்வெளியில் இருநூறு பேர் இருந்தார்கள். அவர்களில் முப்பது பேர் இன்னும் பிள்ளையைச் சேர்க்காதவர்கள், பார்க்க வந்தவர்கள். மூன்று மணிக்கு நீச்சல் முடிந்து பிள்ளைகள் கரையேறினார்கள். கனெக்டிகட்டிலிருந்து வந்திருந்த திருமதி ஆஷ்வொர்த், மூன்று மகன்களின் தாய், நீச்சலுக்குப் பொறுப்பானவரைப் பார்க்க வேண்டும் என்றார். பொறுப்பு என் மகள் லிடியாவுடையது. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவளை அழைத்துவர நானே படகுத்துறைக்கு இறங்கிப் போனேன்.

அவள் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, ஒண்ணு இன்னும் சிவப்பா இருக்கு. அம்பத்து மூணு. லூக்."

"அவனோட இணை எங்கே?"

"அவங்கம்மா போட்டோ எடுக்கணும்னு பாதியிலயே கூட்டிட்டுப் போயிட்டாங்க. கொம்பு ஊதட்டுமா?"

நான் மேலே புல்வெளியைப் பார்த்தேன். வெள்ளைத் தொப்பிகளும் எலுமிச்சைச் சாற்றுக் குவளைகளுமாக இருந்தது. ஏரியில் ஒரு அலைகூட இல்லை.

"ஐஸ்கிரீம் வரிசையில நிப்பான். அவன் எதைத்தான் ஞாபகம் வெச்சிருக்கான்? நீ மேல போ, அந்தம்மா காத்துக்கிட்டிருக்காங்க. நான் பாத்துக்கறேன்."

"நெஜமாவாப்பா?"

"பாத்துக்கறேன்னு சொன்னேன்ல."

அவள் போனாள். நான் பார்த்துக்கொண்டேன். ஐந்து நிமிடம் கழித்து நான் மேலே வந்தபோது லிடியா குரலைத் தாழ்த்தி, "கெடச்சானா?" என்றாள்.

"பலகை வெள்ளையா இருக்கு," என்றேன்.

அது உண்மை. அவள் முகம் தெளிந்தது. உடனே திருமதி ஆஷ்வொர்த்தின் பக்கம் திரும்பி, கீழே கையைக் காட்டினாள். "அதோ பாருங்க மேடம், அந்தப் பலகை. இங்கேருந்தே தெரியும். எல்லாம் வெள்ளை. எல்லாப் பிள்ளைங்களும் கரைக்கு வந்தாச்சுன்னு அர்த்தம்." அந்த அம்மாள் கண்ணுக்கு மேல் கையை வைத்து நெடுநேரம் பார்த்தார். தன் மூன்று மகன்களையும் எட்டுக் கோடைகள் எங்களிடம் அனுப்பினார்.

ரெனே திபோடோ நான்கு மணிக்கு வந்தார். காலைப் பணிநேரம் நீண்டுவிட்டதாம். ஆலைக் காலணிகளைக்கூட மாற்றவில்லை. கையில் ஒரு அட்டைப்பெட்டி, அதில் நடுவே வெண்கிரீம் வைத்த சாக்லேட் கேக்குகள்.

"எங்கே என் வாலு? அப்பன் வர லேட்டாச்சுன்னு எந்த மரத்துல ஏறி உக்காந்திருக்கான்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். குடிலில் தேடினோம். உணவுக்கூடத்தில் தேடினோம். நான்கு இருபதுக்குக் கொம்பு ஊதியது. அதை ஊதியவன் நானே. பெற்றோரும் இறங்கினார்கள், நல்ல உடைகளோடு, கைகோத்து, மார்பளவு நீரில். குதிமேடையின் அப்பால், எட்டடி ஆழத்தில் லூக் கிடைத்தான். ரெனே அந்த அட்டைப்பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. அதோடு நீருக்குள் நின்றார்.

மருத்துவர், சாவு எந்த நேரத்தில் நேர்ந்தது என்று திட்டமாகச் சொல்ல முடியாது என்றார். மூன்று மணிக்கே தேடியிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று அவர் சொன்னது வேறொருவரிடம். "பிழைத்திருக்கலாம்" என்பது "பிழைத்திருப்பான்" என்பதாகாது. இந்த வேறுபாட்டை நான் முப்பத்தைந்து ஆண்டுகளாக மனத்தில் வைத்திருக்கிறேன்.

விசாரணை இரண்டு நாள் நடந்தது. அதிகாரி லிடியாவிடம், "நீங்க புல்வெளியிலேருந்து பார்த்தப்ப பலகை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. "எல்லாம் வெள்ளையா இருந்துச்சு," என்றாள். அதற்கு முன் எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் எவரும் பதில் சொல்வதில்லை. அன்று அவளை எண்ணிப் பெருமைப்பட்டேன். செப்டம்பரில் அவள் ஆரிகனுக்குப் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு ஓர் அட்டை வரும். அதில் அவள் பெயர் மட்டும் இருக்கும்.

சிறுவன் ஒழுங்காகக் கரையேறி, வில்லையை வெள்ளையாகத் திருப்பிவிட்டு, பிறகு ஒருவருக்கும் தெரியாமல் தனியாக மறுபடி நீரில் இறங்கியிருக்கிறான் என்று அறிக்கை சொன்னது. முகாமின் மீது குறையில்லை. விதியை மீறியது பிள்ளை. வாயில் பலகையை மாற்றினோம்: "விதியை மதித்த எந்தப் பிள்ளைக்கும் இங்கே தீங்கு நேர்ந்ததில்லை."

அடுத்த ஜூன் மாதம், முகாமின் முதல் நாள், ரெனே தானாகவே வந்தார். கோட்டு அணிந்திருந்தார்; கழுத்துப்பட்டி கோணலாக இருந்தது.

"உங்க பேருக்கு என் பையனால ஒரு கறை வந்திடுச்சு, மிஸ்டர் தாக்ஸ்டர். மன்னிச்சுக்கணும். பசங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசலாமா?"

மன்னிப்புக் கேட்டு நீட்டிய கையை மறுப்பது பண்பல்ல. நான் கையைக் குலுக்கினேன்.

அவர் பலகைக்கு முன்னால் நின்று பேசினார். "பசங்களா, எனக்கு ஒரு பையன் இருந்தான். பேரு லூக். வீட்டுல ஒரு கதவைச் சாத்தினது கெடையாது. ஏண்டா, உனக்கு வாலா இருக்கு, கதவுல மாட்டிக்கும்னு பயப்படறியான்னு கேப்பேன்." பையன்கள் சிரித்தார்கள். ஒருவன், "எங்கப்பாவும் அதேதான் சொல்வாரு!" என்று கத்தினான். "அப்போ உங்கப்பாவும் நல்ல மனுஷன்தான்," என்றார் ரெனே. மறுபடி சிரிப்பு. பிறகு அவர் ஐம்பத்து மூன்றாம் எண் வில்லையைத் தொட்டார். "இந்த முகாம் எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சுது. இந்தப் பலகை சரியாத்தான் சொல்லிச்சு. என் பையன்தான் எல்லாரையும் ஏமாத்திட்டான். நீங்க ஏமாத்தாதீங்க."

நான் அவருக்குப் பின்னால், முதுகை நிமிர்த்தி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய முடியும்? வாயைத் திறந்தால் என் தாத்தாவும் தந்தையும் மகளும் நூற்றிருபது பிள்ளைகளும் ஒரு சொல்லில் கவிழ்ந்துவிடுவார்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட தாய்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டுக்குள் அடுத்த கோடையின் இடங்கள் எல்லாம் நிரம்பின. இரண்டாண்டு கழித்து, அவர் அனுமதியோடு, அவர் பலகையின் முன் நிற்கும் படத்தை எங்கள் விளம்பரத்தாளில் சேர்த்தோம். முப்பத்தைந்து கோடைகள் அவர் ஒரு முறைகூடத் தவறவில்லை. வெற்றிக்கு வேறு காரணம் ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். தலையணைகளைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

இந்த ஜூனில் அவர் மூக்கில் பிராணவாயுக் குழாயோடு வந்தார். ஆலைத் தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது. பேசி முடித்ததும் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"இதான் சார் கடைசி. ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"கேளுங்க."

"அவன் பொறந்ததுலேருந்து வெளக்கை அணைச்சதில்ல, குழாயை மூடினதில்ல. உங்க வில்லையையும் அதுக்கு முந்தி ரெண்டு தடவை மறந்தான். அன்னிக்கு மட்டும் எப்படி சார் ஞாபகமாத் திருப்பினான்?"

மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு அவரே தொடர்ந்தார்.

"ராத்திரியெல்லாம் அதைத்தான் யோசிப்பேன். அப்புறம் தோணும், அப்பன் வர்ற நாளாச்சேன்னு அன்னிக்கு ஒழுங்கா இருந்திருக்கான். எனக்காகத் திருப்பியிருக்கான். அது போதும் சார் எனக்கு. அந்த வில்லையைக் குடுப்பீங்களா? போறப்ப கையில வெச்சுக்கிட்டுப் போறேன்."

நான் எழுந்து போய் வில்லையை ஆணியிலிருந்து கழற்றி, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைச் சட்டைப்பையில், குழாய்க்குப் பக்கத்தில், போட்டுக்கொண்டார்.

லூக் அன்றும் மறந்துதான் போனான். வில்லையை வெள்ளையாகத் திருப்பியவன் நான். லிடியா மேடேறி மறையும்வரை காத்திருந்து, ஒரு விரலால் திருப்பினேன். நீரைப் பார்க்கவில்லை. அவன் அப்போது நீருக்குள்தான் இருந்தான்.

இந்தக் கட்டுரையில் தலையணைகளைப் பற்றிய பகுதியை அச்சிடுங்கள். மற்றதை நானும் ரெனேயும் போன பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அவரிடம் இப்போதே சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். அவர் வீடு இங்கிருந்து இருபது நிமிடம். மூன்று முறை காரில் போய்த் தெருமுனைவரை சென்று திரும்பிவிட்டேன். மகன் தனக்காகச் செய்தது என்று அவரிடம் மிச்சமிருப்பது அந்த ஒன்றுதான். அதை அவருக்குக் கொடுத்தது என் கை. கொடுத்ததைப் பறிக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.