திருப்பி மாட்டிய அட்டை: கண் பரிசோதகர் சொக்கலிங்கம் அவர்களுக்கு

கடல் கடந்து வந்து எங்கள் கண் துலங்கச் செய்தவரே, கண்ணாடிப் பெட்டியைக் கைக்குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு லாஞ்சில் தீவு தீவாய்ப் போனவரே, சலியாத சொல்லும் சாயாத நேர்மையும் உடைய சொக்கலிங்கம் ஐயா அவர்களே, வணக்கம்.

இந்த மடலை எழுதும் பொறுப்பை நம் ஆஸ்பத்திரிக் கண் பிரிவார் என்னிடம் கொடுத்தார்கள். நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுகிறவளுக்கு மடல் எழுத வருமா என்று கேட்டேன். “உங்ககிட்டதான் அக்கா எழுத விஷயம் இருக்கு” என்றார் நர்ஸ் ஜெயமணி. இருக்கிறது.

1953-ல் மெயின்லேண்டிலிருந்து இந்த அந்தமானுக்கு வந்தீர்கள். இருபத்தொரு ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளைக் கரும்பலகையைப் பார்க்க வைத்தீர்கள்! கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற பிள்ளையை அடிக்க வேண்டாம், அழைத்து வாருங்கள் என்று பள்ளிதோறும் சொன்னீர்கள். புத்தகம் ஒரு முழம் தள்ளியிருக்கட்டும், வெளிச்சம் பக்கத்திலிருந்து வரட்டும், நாலு பக்கம் படித்தால் ஒரு முறை தலைநிமிர்ந்து தொலைவில் கடலைப் பாருங்கள் என்றீர்கள். கண்ணாடி போட்டால் கண் மேலும் கெடும், பெண்ணுக்கு வரன் அமையாது என்றவர்களிடம் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. “கிட்டப்பார்வை குற்றமில்லை, அம்மா. கண் கொஞ்சம் நீளமாய் வளர்ந்துவிட்டது. எறிந்த வலை மீனுக்கு ஒரு முழம் முன்னாலேயே விழுகிறது. கண்ணாடி அந்த ஒரு முழத்தைத் தள்ளிக் கொடுக்கும்” என்பீர்கள். மீன்பிடிக்கிற எங்கள் சனத்துக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

என் கணவர் அடைக்கலசாமி லாங் ஐலண்டில் லாஞ்ச் ஓட்டும் செராங். 1961-ல் லாஞ்ச் ஆட்களுக்குக் கண் சோதனை என்று நீங்கள் வந்தீர்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கான அட்டையை மாட்டினீர்கள். மூன்று விரல் நீட்டியதுபோல ஒரே குறி, பல திசைகளில். விரல் காட்டும் பக்கத்தைக் கையால் காட்ட வேண்டும். முதலில் தேறி வந்தவர்கள் அந்த வரிசையை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வலது, மேலே, இடது, இடது, கீழே என்று கயிறு இழுக்கும் மெட்டில் அவர் முந்தின நாள் முழுக்க முணுமுணுத்தார். வேலை போனால் நான்கு பிள்ளைகளோடு ஊருக்கே கப்பலேற வேண்டும் என்ற பயம்.

நீங்கள் அட்டையைத் திருப்பி மாட்டினீர்கள். பின்பக்கத்தில் வேறு வரிசை. அவர் பழைய மெட்டையே கையால் பாடினார்.

“என்ன செராங், அது மேலே காட்டினால் நீங்க கீழே காட்டுறீங்க?”

“பராபர், நல்லாத் தெரியுதே, சாப்.”

“உங்களுக்குத் தெரியுது. அட்டைக்குத்தான் தெரியல.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிப்பை நிறுத்திவிட்டு, “அட்டையை ஏமாத்தலாம், அடைக்கலசாமி. அறுபது பேரை ஏத்திக்கிட்டுக் கடலை ஏமாத்த முடியாது” என்றீர்கள். கண்ணாடி வரும்வரை சுக்கானைத் தொடக் கூடாது என்று எழுதினீர்கள். கண்ணாடி வந்ததும் வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் அதே தாளில் எழுதினீர்கள். இரண்டு மாதம் உங்களைத் திட்டிக்கொண்டே கயிறு சுற்றினார். பிறகு கப்பலில் வந்த கண்ணாடியை நீங்களே கொண்டுவந்து அவர் காதில் மாட்டினீர்கள்.

அவர் லாஞ்ச் கரைக்கு வரும் நாளில் நான் சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு படகுத்துறை ஜெட்டியில் நிற்பேன். அதைத்தான் கட்ட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பிரியம் என்று நினைத்திருந்தேன். கண்ணாடி போட்ட முதல் நாள் இறங்கி வந்து, “இனி எதை வேணா கட்டிக்கோ. இத்தனை நாளும் சேலையைத்தான் பார்த்தேன், இன்னிக்குத்தான் அங்கிருந்தே உன் முகத்தைப் பார்த்தேன்” என்றார். ஒன்பது ஆண்டுகள் அப்படிப் பார்த்தார். மாரடைப்பில் நம் வார்டில் கிடந்த கடைசி நாளிலும் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டுதான் என்னைப் பார்த்தார். அந்த ஒன்பது ஆண்டுகளுக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த தமிழ் போதவில்லை, ஐயா.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று ஜெயமணி தயங்கினார். டாக்டரம்மா எழுதச் சொன்னார்.

போன மாதம் அட்டையைத் துடைத்த நான் தெரியாமல் திருப்பி மாட்டிவிட்டேன். ஷாதிபூர் பள்ளிச் சிறுமி ஒருத்தி சரியாகக் காட்டக் காட்ட, நீங்கள் தப்பு, தப்பு என்றீர்கள். அவள் அழாத குறையாக, “நான் சரியாத்தான் சார் காட்டுறேன்” என்றாள். நீங்கள் எழுந்து போய் அட்டையில் மூக்கு படும்படி நின்றீர்கள். ஒவ்வொரு குறியாய் விரலால் தடவிப் பார்த்தீர்கள். பிறகு, “நீதான் சரி, அம்மா. எனக்குத்தான் இது மனப்பாடம்” என்று சொல்லிப் பேனாவை ஜெயமணியிடம் கொடுத்தீர்கள். இரண்டு கண்ணிலும் புரை. மதராஸ் போனதும் அறுவை செய்துகொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதற்கு, “ரிட்டயர் ஆனவன் எதைப் பார்க்கப் போறேன்?” என்று விட்டுவிட்டீர்கள்.

எங்களைப் பாருங்கள், ஐயா. நாங்கள் எழுதும் கடிதங்களைப் பிறர் படித்துக் காட்டாமல் நீங்களே படியுங்கள். செராங்கிடம் காட்டிய கண்டிப்பில் பாதியை உங்களிடம் காட்டுங்கள். நெடுநாள் நலமோடும் ஒளியோடும் வாழ ஆண்டவரை வேண்டுகிறோம். ஆனால் கண் அறுவைக்குத் தேதி குறிக்க வேண்டியது ஆண்டவர் அல்ல, நீங்கள்.

நாளை கப்பல் புறப்படும்போது நாங்கள் எல்லோரும் ஜெட்டியில் நிற்போம். நான்கு ஆண்டுகளாக மடித்து வைத்திருந்த அந்தச் சிவப்புச் சேலையை நாளை கட்டிக்கொண்டு வருகிறேன். அந்தச் சிவப்பு தெரியும் இடத்தில்தான் நாங்கள் இருக்கிறோம் என்று அந்தப் பக்கம் கைகாட்டுங்கள். அடுத்த முறை இந்தத் தீவுக்கு நீங்கள் வரும்போது வெள்ளைதான் கட்டியிருப்பேன். முகம் பார்த்துக் கண்டுபிடியுங்கள்.

என்றும் உங்கள் அன்பில்,
கண் பிரிவுப் பணியாளர்கள்

அவர்களுக்காக எழுதியவர்: அ. செல்வம்மாள்
போர்ட் பிளேர், 1974