நாற்பதாவது குறுந்தகடு

மதிப்புக்குரிய தலைவர் சுவாமிநாதன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் இருக்கும் தங்கச்சி முனவ்வரா, அவர் மகன் தம்பி முஸ்அப், சனிக்கிழமை மதியத்தை விட்டுக்கொடுத்து இந்த இரங்கல் கூட்டத்துக்காக சான்டா கிளாரா மண்டபத்தில் நிறைந்திருக்கும் நண்பர்களே! உங்கள் எல்லோர் மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும்.

என் பெயர் மோசஸ். ஊர் பாளையங்கோட்டை. மர்ஹூம் நஜ்முதீன் அவர்களோடு 2001 முதல் ஆறு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தவன். தலைவர் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு. குரல் உயர்ந்தாலும் நேரம் தாண்டினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இந்த நஜ்முதீன்? "மில்பிடாஸ்ல ஏதோ வீடியோ கம்பெனில இருந்தாராம்" என்று வாசலில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். ஏதோ வீடியோவா! கல்யாண வீடியோ என்று நினைத்துவிட்டீர்களா?

ஒரு நாட்டில் கூட்டம் கூட்டமாக மனிதர்களைக் கொன்றார்கள். அதை விசாரிக்க ஒரு போர்க்குற்ற நீதிமன்றம். நாட்டின் பெயரை நான் சொல்லக்கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அந்த விசாரணை டேப்புகள் ஆயிரக்கணக்கில் எங்களிடம் வந்தன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாதுகாப்பது ஒரு வேலை. குறுந்தகடாக்கி, கொடுமை நடந்த ஊர்களுக்கே அனுப்பித் திரையில் காட்டச் செய்வது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலைதான் நஜ்மு பாய்க்கு உயிர். "கோர்ட் எங்கயோ குளிர்தேசத்துல நடக்குது. புள்ளயப் பறிகொடுத்தவ காதுல விழாத தீர்ப்பு என்ன தீர்ப்புப்பா?" என்பார்.

சாட்சிகள் அழும் இடம் வந்தால் நாங்கள் டேப்பை வேகமாக முன்னால் ஓட்டிவிடுவோம். அவர் ஓட்டமாட்டார். "அந்தம்மா அத்தன பேர் முன்னாடி நின்னு அழுதுருக்கு. நம்மால உக்காந்து கேக்கக்கூட முடியாதா?" ஆறு வருடம் கேட்டார், ஐயா! அவ்வளவு அழுகையையும் வாங்கினால் ஒரு மனுஷனின் நெஞ்சு என்னத்துக்கு ஆகும்? போன வாரம் வியாழக்கிழமை ஆபீஸ் பார்க்கிங்கில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

ஜனாஸாவை அடக்கம் செய்த அன்று முஸ்அப் என்னிடம் வந்து, "அங்கிள், வாஸ் இட் ரியலி வாப்பாஸ் மிஸ்டேக்?" என்று கேட்டான். நான் அவன் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு இந்த மைக்கின் முன்னால் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

சாட்சி பதினேழு என்று ஒரு பெண். கொலைகாரர்களை நேரில் அடையாளம் காட்டியவள். முகத்தை மறைத்திருந்தோம், குரலை மாற்றியிருந்தோம். ஆனால் பேச்சின் நடுவே பதற்றத்தில் தன் பெயரையும் இப்போது குடியிருக்கும் ஊரையும் சொல்லிவிட்டாள். அதை நீக்கச் சொல்லி நீதிபதி உத்தரவிட்டார், நீக்கினோம். எப்படி நீக்கினோம்? டேப்பில் ஒலிக்கு இரண்டு பாதை, அதாவது டிராக். அவள் குரல் இருந்த பாதையில் எந்த விநாடியை அழித்தோமோ, மொழிபெயர்ப்பாளர் குரல் இருந்த பாதையிலும் அதே விநாடியை அழித்தோம். மொழிபெயர்ப்பாளர் ஆறேழு விநாடி பிந்தித்தான் பேசுவார். இந்தத் தொழிலில் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தருவது இது! அவள் வாயிலிருந்து பெயர் போய்விட்டது. அவர் வாயில் அப்படியே இருந்தது, அதுவும் கொன்றவர்களின் சொந்தக்காரர்கள் பேசுகிற மொழியில். நாற்பது குறுந்தகடுகள் போய்ச் சேர்ந்துவிட்டன.

பாய்தான் கண்டுபிடித்தார். அனுப்பிய பிறகும் இன்னொரு தடவை கேட்பது அவர் வழக்கம். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் தலையில் ஹெட்ஃபோனை மாட்டினார். கேட்டேன், பெயர் தெளிவாகக் காதில் விழுந்தது. அப்படியும் என் வாய் சும்மா இருந்ததா? "யாரு பாய் இதெல்லாம் கவனிக்கப் போறாங்க, விடுங்க" என்றேன்.

"கவனிக்கிறதுக்குன்னே ஒருத்தன் உக்காந்து கேப்பான் மோசஸ்" என்றார்.

அன்றே நீதிமன்றத்துக்கு எழுதினார். எல்லா ஊர்களுக்கும் மாற்றுப் பிரதி அனுப்பி, பழையதைத் திருப்பி வாங்கினார். முப்பத்தொன்பது வந்தன. நாற்பதாவது வரவில்லை. ஏழு மாதம் கடிதம், ஃபோன், மறுபடி கடிதம். கடைசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. "மாற்றுப் பிரதி வேண்டாம். எங்களிடம் இருப்பதே போதும்."

நண்பர்களே, அதை வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பெயர்தான் வேண்டும் என்று புரிந்துவிட்டது. பாய் உடனே நீதிமன்றத்தைப் பிடித்தார். "அந்தப் பொண்ண எடம் மாத்துங்க, இன்னிக்கே மாத்துங்க" என்று ஃபோனில் கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் பார்த்ததே இல்லை. முதலில் தவறை விசாரிக்கிறோம், பிறகு முடிவெடுப்போம் என்றார்கள். விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பாய் போய்விட்டார்.

தங்கச்சி முனவ்வரா, என்னை மன்னிக்க வேண்டாம், கேட்டால் மட்டும் போதும். அந்த விநாடிகளை அழித்தவன் நான். சனி, ஞாயிறு லீவு போய்விடுமே என்று அவசரத்தில் இரண்டு பாதையையும் ஒரே வெட்டாக வெட்டியவன் நான். அப்போது என் கிரீன் கார்டு கடைசிக் கட்டத்தில் இருந்தது. வேலை போனால் குடும்பத்தோடு விமானம் ஏற வேண்டியதுதான். "புள்ளைங்க ஸ்கூல் போவுதுல்ல, நீ சும்மா இரு" என்று சொல்லி, நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில் தவறு செய்தவர் என்று பாய் தன் பெயரை எழுதினார். நானும் சும்மா இருந்தேன். ஏழு மாதம் சும்மா இருந்தேன்! முஸ்அப், அது உன் வாப்பாவின் தவறு இல்லை.

இந்தப் புதன்கிழமை நீதிமன்றத்திலிருந்து பதில் வந்தது. இரண்டே வரி. பிழைக்குப் பொறுப்பானவர் காலமாகிவிட்டபடியால் இந்த விவகாரம் முடித்துவைக்கப்படுகிறது. மேல் நடவடிக்கை தேவையில்லை.

முடிந்துவிட்டதா? அவளை இன்னும் யாரும் இடம் மாற்றவில்லை, அதே ஊர், அதே வீடு. நாற்பதாவது குறுந்தகடு யார் கையிலோ இருக்கிறது.

அன்றைக்கே எழுதிவிட்டேன். "பொறுப்பானவன் சாகவில்லை, பெயர் மோசஸ், விலாசம் இது, விசாரணையைத் திறங்கள், அந்தப் பெண்ணை இடம் மாற்றுங்கள்." என் வேலை போகட்டும், கார்டு போகட்டும். இனி பாயின் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு டேப்பையும் இரண்டு பாதையிலும் நானே கேட்பேன். விரட்டிவிட்டால் வெளியே நின்று எழுதிக்கொண்டே இருப்பேன். இது நஜ்முதீன் பேரில் நான் தரும் வாக்கு.

அந்தக் கடிதத்தின் கீழே ஒரு கேள்வியும் கேட்டிருந்தேன். அவள் உயிரோடு இருக்கிறாளா?

மூன்று நாளாகிறது. பதில் வரவில்லை.