வயிற்றுப் பக்கத்துத் தோல்

உங்கள் இடுப்பில் இருக்கும் பெல்ட் அடுத்த வருடம் வரை தாங்காது, தம்பி. கழற்றி ஓரத்தைப் பாருங்கள். மேலே ஒரு பளபளப்பு, உள்ளே தோல்தூளை ஒட்டி அழுத்திய அட்டை. வியர்வை படப்பட உரிந்து வரும். குறையாகச் சொல்லவில்லை. கடையில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். இந்த அறைக்குள் விடும்போது என்னிடமிருந்து ஒரு பெல்ட்டை வாங்கி வைத்தீர்களே, அது நானே செய்தது. தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

என் மனைவி ஷமீமாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன். போலீஸ்காரர்கள் எழுதிக்கொள்ளும் வேகத்துக்கு என்னால் பேச முடியாது. கொஞ்சம் நிறுத்தி நிறுத்தித்தான் வரும்.

சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருந்தேன். ஓய்வு பெற்றதும் பொழுதுபோக்காகத் தோல் வேலை பழகினேன். உபி வட்டாரத்தில் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தில் நண்பர்களோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு, சனிக்கிழமைகளில் வகுப்பும் எடுக்கிறேன். புதிதாக வருபவர்கள் பெட்டி நிறையக் கருவிகளோடு வருவார்கள். கூரான கத்தி, இரும்பு அளவுகோல், ஊசி, மெழுகு நூல், ஓட்டை போட பஞ்ச், ஒரு சுத்தியல் போதும் என்பேன். மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். மேசை அசையக் கூடாது. பெல்ட்டுக்கு ஒற்றைப்படையில் ஓட்டை போட வேண்டும், நடு ஓட்டையில் இடுப்பு பொருந்த வேண்டும். ஆள் மெலிந்தாலும் பருத்தாலும் அப்போது இடமிருக்கும்.

ஷமீமா மெலிந்துகொண்டே போனாள்.

மறதி முதலில் அடுப்பில் தொடங்கியது. பிறகு கதவைத் திறந்துகொண்டு போய்விடுவாள். ஒரு நாள் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், பொங்கோல் நீர்க்கரையில் யாரோ ஒரு சீனப் பெண் அவளைக் கைபிடித்து உட்கார வைத்திருந்தாள். எழுந்தால் விழுந்தாள். உதவிக்கு வைத்திருந்த பெண்ணும் ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. மெல்பர்னிலிருந்து மகள் ஹம்னா தினமும் பேசுவாள்.

“அத்தா, ஹோம்ல விட்டுடலாம். நீங்க தனியா முடியாது லா.”

“என் பொண்டாட்டிய நான் பாத்துக்குவேன். அடுத்தவங்க கையில கொடுக்க மாட்டேன்,” என்றேன்.

அதைச் சொன்னபோது பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு வேறு மாதிரிச் சொல்ல வழியில்லாமல் போய்விட்டது. ஹம்னா கூடத்தில் ஒரு கேமரா மாட்டச் சொன்னாள். என் கைப்பேசியில் பார்க்கலாம்.

நாற்காலிக்கு ஒரு பெல்ட் செய்தேன். மாட்டு முதுகுத் தோல். அந்தப் பகுதிதான் இழுத்தாலும் நீளாது. உடம்பில் தடம் விழாமலிருக்க உட்பக்கம் ஆட்டுத்தோல் ஒட்டினேன். பன்றித்தோல் மலிவு, மிருதுவும்கூட, ஆனால் எங்கள் வீட்டுக்கு ஆகாது. பக்கிளை நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் வைத்தேன், அவள் கைக்கு எட்டாதபடி. என் கையிலிருந்து வந்த மிக நல்ல வேலை அது. மருத்துவர்கூட வந்து பார்த்துவிட்டு, தோலில் ஒரு கீறல் இல்லை என்று சொன்னார்.

முதலில் நான் குளிக்கும் நேரத்துக்கு மட்டும். பிறகு கடைக்குப் போகும் நேரத்துக்கு. பிறகு வகுப்புக்கும்.

அவள் சண்டை போடவில்லை. என்னை அடையாளம் தெரியாத நாட்களில் மரியாதையாகவே பேசுவாள்.

“தம்பி, இத கொஞ்சம் அவுத்து வுடுறீங்களா?”

“கொஞ்ச நேரம் இரும்மா.”

“பரவால்ல. எங்க மச்சான் இப்ப வந்துருவாரு. அவரு அவுத்து வுட்டுருவாரு.”

நான்தான் அந்த மச்சான். அடுக்களைக்குள் போய் நின்றுகொள்வேன்.

ரமலானுக்குப் பிறகு ஒரு புது பெல்ட் செய்தேன். பழையது விறைப்பாக இருக்கிறது, அவளுக்கு இடுப்பு வலிக்கும் என்று நினைத்தேன். அதை உபியில் வைத்துத்தான் வெட்டினேன். ரமீஸ் என்று ஒரு மாணவன், வங்கியில் வேலை, அவன் எட்டிப் பார்த்தான்.

“அங்கிள், இது வயித்துப் பக்கத் தோல்தானே? பெல்ட்டுக்கு ஆகாது, இழுக்க இழுக்க நீளும்னு முதல் கிளாஸ்லேயே சொன்னீங்க. எங்களுக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?”

எல்லாரும் சிரித்தார்கள்.

“இது பெல்ட் இல்ல லா. சும்மா ஒரு வார்,” என்றேன்.

நீங்கள் அந்த பெல்ட்டை வேறொரு தோல்காரரிடம் காட்டுவீர்கள். பின்பக்கத்து நாரைத் தடவியதுமே அவர் சொல்லிவிடுவார். அதனால் நானே சொல்கிறேன். முதுகுத் தோல் அன்று என் அலமாரியில் இருந்தது. எது எது என்று எனக்குத் தெரியும்.

அது நீண்டது. ஷமீமா நாற்காலியில் வழுக்கி வழுக்கி இறங்குவாள், பெல்ட் மார்புக்கு ஏறும். எதிர்வீட்டு வைதேகி ஒரு நாள் பொங்கல் கொண்டுவந்தபோது பார்த்துவிட்டார்.

“பாய், என்ன இது, அக்குள் வரைக்கும் ஏறிக் கெடக்கு? கழுத்துக்கு வந்துடப் போகுது.”

“இன்னொரு ஓட்டை போடணும். போட்டுடுறேன்.”

“மறந்துடாதீங்க. நீங்களும் அவங்கள மாதிரி ஆயிடாதீங்க,” என்று சிரித்தார்.

பஞ்சை வைத்து ஒரே அடி. அவ்வளவுதான் வேலை. பஞ்ச் கூடத்து இழுப்பறையில் இருந்தது. நான் பலமுறை அந்த இழுப்பறையைத் திறந்து பார்த்திருக்கிறேன். திறந்து, அதைப் பார்த்துவிட்டு, மூடிவிடுவேன். நீங்கள் ஏன் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். கை போகவில்லை. அவளைக் கொல்ல வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமை ஓரம் தேய்க்கும் பாடம். வெட்டிய ஓரத்தை லேசாக நனைத்து, மரக்குச்சியால் வேகமாகத் தேய்க்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் முடித்தால்தான் கண்ணாடிபோல் வரும். பாதியில் விட்டால் நார் கிளம்பிவிடும். கைப்பேசி மேசைமேல் இருந்தது, அதில் எங்கள் வீட்டுக் கூடம் தெரிந்தது. ஷமீமாவின் கால்கள் தரையில் நீண்டிருந்தன. பெல்ட் தோளுக்கு மேலே போயிருந்தது. ஒரு கை அசைந்தது, யாரையோ கூப்பிடுவதுபோல.

“அங்கிள், கால் வந்திருக்கா? போய்ப் பேசுங்க, நாங்க பாத்துக்கிறோம்,” என்றான் ரமீஸ்.

“ஒண்ணுமில்ல. தேய், நிறுத்தாதே,” என்றேன்.

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். ஒவ்வொருவருடைய ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தேன். கருவிகளைத் துடைத்து வைத்தேன். பிறகு வீட்டுக்குப் போனேன். பெல்ட்டைக் கழற்றி, அவளைக் கட்டிலில் கிடத்தி, முகம் துடைத்து, முக்காடு போட்டுவிட்ட பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

உபி எங்கே, பொங்கோல் எங்கே. டாக்ஸி கிடைத்தாலும் நேரம் பிடிக்கும். அங்கிருந்துகொண்டு நான் என்ன செய்திருக்க முடியும், சொல்லுங்கள். வைதேகியிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. அவருடைய எண்ணும் என்னிடம் இருக்கிறது. ஆனால் அது அவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் நேரம். அக்கம்பக்கத்தாரைத் தொந்தரவு செய்வது எனக்கு எப்போதுமே பிடிக்காது.